உருகிப்போன கணினியின் விண்ணப்பம்

வீட்டு வரைபடம் போடும் மென்பொருளை விற்கும் அலுவலகத்தில், உரிமங்களைப் பார்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு கணினிக்கும் அதன் பாகங்களை வைத்து ஓர் அடையாள எண் உருவாகும். வாங்கிய மென்பொருள் அந்தக் கணினியில் மட்டும்தான் திறக்கும். கைரேகை மாதிரிதான், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை வந்த விண்ணப்பத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அண்ணனுடைய கணினியின் எண். மூன்று வருடத்துக்கு முன் அவனுடைய வரைபடக் கடை தீப்பிடித்தபோது அந்தக் கணினி உருகிக் கட்டியாகிவிட்டது. அண்ணனும் உள்ளேதான் இருந்தான். அன்று விடுமுறை. அவள் கட்டப்போகும் வீட்டின் வரைபடத்துக்காக அவசரப்படுத்தியதால்தான் போயிருந்தான். உரிமத்தை ரத்து செய்ததும் அவளேதான்.

மேலாளரிடம் காட்டினாள்.

"எவனோ நம்பரைத் திருடிட்டாம்மா. தூக்கிப் போடு," என்றார் அவர்.

நிராகரித்தாள். அடுத்த நிமிடமே அது திரும்பி வந்தது. குறிப்புக் கட்டத்தில் இப்போது ஒரு வரி இருந்தது.

"குட்டிம்மா, உன் வீடு பாதியில நிக்குது. திறந்து விடு."

குட்டிம்மா என்று கூப்பிட அவளுக்கு வேறு யாரும் இருந்ததில்லை. யாரிடமும் சொல்லாமல் அனுமதித்தாள்.

மறுநாளிலிருந்து அந்த எண்ணில் மென்பொருள் தினமும் ஒன்பது மணிக்குத் திறந்தது. ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் மூடியது. இரண்டுக்கு மறுபடி திறந்தது. பத்தாம் நாள் மாலை உரிமம் தானாகவே திரும்பி வந்தது. குறிப்பில் இப்படி இருந்தது:

"முடிஞ்சிருச்சு. எப்ப குடி வர்றே?"