கழிப்பறைச் சாவி

"கை தூக்கித்தான் சார் ஓட்டு. அத்த போட்டோவும் புடிக்கணும். இந்த வாட்டி நோட்டுல கையெழுத்து போடுன்னு எவனும் வரக் கூடாது."

ரெபேக்காள் இதைச் சொன்னபோது தலைமையாசிரியர் பாலசுப்ரமணியன் ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தேர்தல் என்றாலே அவருக்கு ஆகாது. ஓய்வு பெறும் நேரத்தில் கழகத் தலைவர் ராமதாஸைப் பகைத்துக்கொள்ள அவருக்கு என்ன பைத்தியமா?

ரெபேக்காளின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, வந்ததற்கு அடையாளமாக ஆளுக்கொரு கையெழுத்து வாங்கினார்கள். பிற்பாடு அத்தனை கையெழுத்துக்கும் மேலே, 'ராமதாஸ் ஏகமனதாகத் தேர்வு' என்று எழுதிக்கொண்டார்கள். டீ குடித்த பாவத்துக்கு ஊரே ஓட்டுப் போட்டதாக ஆகிவிட்டது.

அந்த ராமதாஸின் சொந்தப் பிள்ளைகள் கூடுவாஞ்சேரியில் டை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் படித்தார்கள். இங்கே ஆறாவது படிக்கும் தங்கை மகனுக்குக் கார்டியன் என்ற பேரில்தான் அவர் தலைவர். போகட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெண்பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் கட்டிக்கொடுத்த கழிப்பறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே தன் காண்டிராக்ட் வேலைக்கான சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தாரே, அதை எப்படிப் பொறுப்பது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். சிமெண்ட் நனையக் கூடாது. பெண்பிள்ளைகள் சவுக்குத் தோப்புக்கு ஓடலாம்.

ரெபேக்காளின் மகள் ரெஜினா ஒன்பதாவது படித்தாள். பள்ளிக்கூடத்தில் பொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் பள்ளிக்கே போக மாட்டாள். போன வாரம் தோப்பில் எவனோ ஒளிந்திருந்து சீட்டியடிக்க, அழுதுகொண்டே வீடு வந்தவள், அப்புறம் புத்தகப் பையைத் தொடவில்லை. கக்கூஸ் திறக்கும்வரை பெண் வீட்டிலேயே இருக்கட்டும், திறக்காவிட்டால் படித்த வரைக்கும் போதும் என்று அவள் அப்பா சாலமோன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

"மாபலிபுரம் ரிசார்ட்டுல வெள்ளக்காரன் பாத்ரூமக் கண்ணாடி கணக்கா கழுவிகினு கீறேன் சார். என் பொண்ணுக்கு ஒதுங்க ஒரு செவுரு இல்ல. இன்னா நாயம் இது?"

நியாயமில்லைதான் என்று தலைமையாசிரியர் தன் மேசையிடம் சொன்னார். கை தூக்குவதையும் போட்டோவையும் தலைவர் காதில் போட்டுவைப்பதாகச் சொல்லி அவளை அனுப்பினார்.

வேலை முடிந்து வந்த கையோடு ரெபேக்காள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தலைவருக்குத் தானே நிற்கப் போவதாகச் சொன்னாள். முதலில் சிரித்த காசியம்மாள்கூட, தன் பேத்தியும் அந்தத் தோப்புக்குத்தானே போகிறாள் என்று நினைத்துப் பார்த்து, வருவதாக ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சண்டைக்குத் தயாராக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ரெபேக்காள். வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் வந்த ராமதாஸ், கையோடு ஒரு போட்டோகிராபரையும் அழைத்து வந்திருந்தார். அவளைப் பார்த்து, போட்டோ கேட்டாயாமே தங்கச்சி என்று சிரிக்கவும் செய்தார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பேசச் சொன்னதும் எழுந்து, மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். சிமெண்ட் மூட்டைக்கு இருக்கிற மரியாதை பெற்ற பிள்ளைக்கு இல்லையா என்று கேட்டாள். ராமதாஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும் எழுந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து எல்லாரும் பார்க்க மேசைமேல் வைத்தார்.

"தங்கச்சி சொன்னது நூத்துல ஒரு வார்த்த. தப்பு என் பேர்லதான். கக்கூசத் தெறக்கணும்ன்றவங்க கை தூக்குங்க."

தூக்காமல் இருப்பார்களா? பெற்ற மகராசிகள் அத்தனை பேரும் தூக்கினார்கள், ஓரத்தில் நின்ற அப்பன்மார்களும் தூக்கினார்கள். ரெபேக்காள் பெஞ்சின் மேலேயே ஏறி நின்று கையை உயர்த்தினாள். பளிச்சென்று கேமரா வெட்டியது. அவள் கண்ணில் நீர் முட்டியது.

மூட்டைகளை அப்புறப்படுத்தி, சுத்தமாகக் கழுவித் திறந்துவிடுவதாகச் சொல்லி ராமதாஸ் சாவியை எடுத்துக்கொண்டார். நல்ல காரியம் முதலில் நடக்கட்டும், தேர்தலை அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்வோம் என்றார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மறுநாள் ரெஜினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை வரை பூட்டு பூட்டாகவே தொங்கியது. தோப்புக்குப் போக மாட்டேன் என்று ரெஜினா மறுபடியும் பையை மூலையில் போட்டாள். ரெபேக்காள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தாள்.

"தெறக்கலன்னா போவுது சார். நாளன்னிக்கித் தேர்தல் கீதுல்ல? நான் ஜெயிச்சி வந்து அந்தப் பூட்ட ஒடைக்கிறேனா இல்லியா பாருங்க."

பாலசுப்ரமணியன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தேர்தல் போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுதும்மா. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பியாச்சு. கை தூக்கித்தான் ஓட்டு, போட்டோவும் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க."

அவர் தலைக்கு மேலே, புதுச் சட்டம் போட்ட போட்டோவில் ராமதாஸ் கும்பிட்டுக்கொண்டு நின்றார். 'மீண்டும் ஏகமனதாகத் தேர்வு' என்ற எழுத்துக்கு மேல் அவரைச் சுற்றி உயர்ந்திருந்த அத்தனை கைகளிலும் உயரமான கை, பெஞ்சின் மேல் ஏறி நின்ற ரெபேக்காளுடையது.