மணலுக்குக் கீழே

குழந்தை ஓடும் சத்தம் கேட்கிறதென்று கீழ்வீட்டிலிருந்து மறுபடியும் புகார் வந்ததும், எஸ்தர் தன் நாலு வயது மகள் கெசியாவை வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கப் பழக்கினாள். குழந்தை சீக்கிரமே பழகிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனார்கள். மற்ற பிள்ளைகள் அலையை நோக்கி ஓட, கெசியா மட்டும் ஈர மணலில் குதிகால் படாமல் மெல்ல நடந்தாள்.

"இங்க ஓடலாம்டா," என்றாள் எஸ்தர்.

குழந்தை குனிந்து பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தது. "மண்ணுக்குக் கீழ யாரு இருக்காங்கம்மா?"

எஸ்தர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை குடியிருப்புச் சங்கச் செயலாளர் வரதராஜன் வாசலில் வந்து நின்றார். "சின்னக் குழந்தை இருக்கிற குடும்பம் வேண்டாம்னு சங்கத்துல சொல்றாங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்குங்க."

"வீட்டுக்காரர் எங்களைப் போகச் சொல்லல சார். ஒப்பந்தம் இருக்கு. குழந்தை இருக்குன்னு காலி பண்ணச் சொல்ல சங்கத்துக்கு உரிமை இல்ல. நாங்க போகமாட்டோம்."

"கீழ இருக்கிறவங்க சும்மா இருக்கமாட்டாங்க."

"வரட்டும் சார், பேசிக்கிறேன்."

அவர் படியிறங்கத் தொடங்கினார். எஸ்தர் கூடத்தின் மறுகோடிக்குப் போய் மகளை நோக்கிக் கைநீட்டினாள். நுனிக்காலில் புறப்பட்ட கெசியா பாதியில் நின்று, திறந்திருந்த கதவைப் பார்த்தாள்.

எஸ்தர் அதைச் சாத்தவில்லை. "ஓடி வா," என்றாள்.