தண்ணி குடிக்காத பேட்டரி

குனோங் ராபாட்டுல நாப்பது வருசமா பேட்டரி கடை வச்சிருக்கேன். லுமூட் படகுத்துறையில ஸ்கந்தராஜாவோட பாய்மரப் படகு நிக்குது. தைப்பிங்ல கவர்மெண்டு வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, படகுலயே தனியா குடியிருக்காரு. பழைய பேட்டரி நாலையும் கழட்டிட்டு லித்தியம் மாட்டச் சொன்னாரு. மாட்டினேன். பழசு மாதிரி லித்தியம் தண்ணி குடிக்காது. ஊத்த மூடியே கிடையாது.

இருந்தும் பழக்கதோசத்துல ஒரு போத்தல் பேட்டரித் தண்ணியை அது பக்கத்துல வச்சிட்டு வந்துட்டேன். அடுத்த மாசம் முட்டி வலியோட சோதிக்கப் போனா, போத்தல் காலி. சீல் உடையல. தரையும் காஞ்சிருந்துச்சு.

"காலிப் போத்தலைக் கொண்டாந்து வச்சிருப்பீங்க அண்ணே. வயசாச்சுலா"ன்னு ஸ்கந்தராஜா சிரிச்சாரு.

மக விசாலிகிட்ட சொன்னது என் தப்பு. "உங்களுக்கு மறதி வந்துருச்சுப்பா. இன்னொரு தடவை இப்படி ஆனா கடையைச் சாத்திடலாம்"னா. கடையை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல.

நான் லேசுல யாரையும் நம்ப மாட்டேன். புதுப் போத்தலை ஸ்கந்தராஜா கையில குடுத்து ஆட்டிப் பாக்கச் சொன்னேன். மூடியில டேப் சுத்தி, அது மேல அவரையே கையெழுத்துப் போட வச்சேன்.

நேத்து அவரே போன் பண்ணாரு. சிரிக்கல.

"உங்களுக்கு மறதி இல்ல அண்ணே. போத்தல் மறுபடியும் காலி. கையெழுத்து அப்படியே இருக்கு"ன்னாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு.

"இந்த மாசம் ரெண்டு போத்தலாக் கொண்டாங்க."