பதினாறு கட்டத்தில் ஓர் இருமல்

பழைய வீடியோவிலிருந்து வெட்டியெடுத்த அப்பாவின் மூச்சு, லேப்டாப்பில் ஒலித்துண்டுகளை அடுக்கித் திரும்பத் திரும்ப ஓட்டும் சீக்வென்சரின் பதினாறு கட்டங்களில் வரிசையாக ஓடியது. ஐந்தாவது கட்டத்தில் அவருடைய இருமலைப் போட்டான் சிவக்குமார்.

“மாப்ள, ஸ்கூல் பெல் கணக்கா நேரத்துக்கு இருமுது. அம்மா கண்டுபிடிச்சிரும்டா,” என்றான் நண்பன் வெங்கடேஷ்பாபு.

“கண்டுபிடிக்கக் கூடாது. அப்பா பக்கத்து ரூம்ல இல்லன்னு தெரிஞ்சா எந்திரிச்சுத் தேட ஆரம்பிச்சிரும். ஆபரேஷன் பண்ணி நெஞ்சுல போட்ட தையல் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு.”

இருமல் முன்பின்னாக விழும்படியும், சுற்றுக்குச் சுற்று சத்தம் ஏறி இறங்கும்படியும் மாற்றினான்.

“அம்புட்டும் அசல் உங்கப்பாதான்டா!”

கதவு திறந்தது. வெந்நீர்ச் செம்போடு சுவரைப் பிடித்தபடி நின்றாள் அன்னக்கொடி.

“மனுசன் இம்புட்டு இருமுறாரு, ரெண்டு பேரும் அங்க என்னடா...”

காலிக் கட்டிலில் ஸ்பீக்கர் இருமிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நேற்று சுடுகாட்டில் மழித்த மகனின் மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.