இரண்டு படலங்களுக்கு நடுவே

புதுப் பசை இன்றும் தேறாவிட்டால் ப்ர்னோ நகரத் தலைமையகம் எங்கள் ஒட்டுநாடாப் பிரிவை மூடிவிடும். காலையில் சோதனை ரோலை விரித்தோம். ஒட்டிய இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. குறுக்கே தழும்பு.

“உன் பொண்டாட்டிதான்டா,” என்றார் ஃபோர்மேன் போஹுமில். “கருவி எதுக்கு இருக்கு? செத்தும் விரலாலதான் அமுக்கிப் பாக்குறா.”

என் மனைவி யிட்கா, கட்டைவிரலில் அதே தழும்போடு, இங்கேதான் பசை சோதித்தாள். போன பனிக்காலத்தில் இறந்தாள்.

உரிப்புச் சோதனைக் கருவியில் மாட்டி இழுத்தோம். ரேகை இருந்த இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் படலங்கள் உரிந்தன.

போஹுமில் மூக்கைச் சொறிந்தார். “ரோல் முழுக்க அமுக்கச் சொல்லு. நான் சொன்னா கேக்கமாட்டா.”

பசை பூசும் இயந்திரத்தருகே போய் அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

மதியம் ஓட்டிய ரோல் முழுவதும் ரேகைகள். எங்கும் உரியவில்லை. பிரிவு பிழைத்தது.

கடைசி ரேகையில் கசகசா ஒட்டியிருந்தது. கசகசா கேக் தின்றால் அவள் கை கழுவமாட்டாள்.