வாளியில் வாய் வைத்தவன்

மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிப் பாணியெடுக்கும் விழாவின் அறுபது வருசச் சரித்திரம் அந்தச் சிற்றூர் மண்டபத்தின் சுவர் முழுக்கப் புகைப்படங்களாகத் தொங்குகிறது. மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தகப்பனோடு ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் குணநாயகம், ‘1988’ என்று எழுதிய படத்தின் முன் நின்றுவிடுகிறார். கோட்டும் இல்லாமல் பனியில் நிற்கும் ஒரு பெடியன், மரத்தில் சாறு வடியத் தொங்கவிட்ட வாளியைக் கழற்றி, கள்ளு முட்டியைப்போல வாயில் கவிழ்த்திருக்கிறான். இடது கன்னத்தில் பெரிய மச்சம். “அண்ணை, உவன் எங்கட ஆள் போலக் கிடக்கு. ஆரெண்டு தெரியுமோ?” என்று சம்பந்தி சிரிக்கிறார். “எனக்கெப்பிடித் தெரியும்? ஆரோ வெக்கங்கெட்டதொண்டு,” என்கிறார் குணநாயகம். அவருடைய கை தன்பாட்டில் எழுந்து அவரது இடது கன்னத்து மச்சத்தை மூடுகிறது. கதவு திறக்கும்போதெல்லாம், வெளியே பாணி காய்ச்சும் இனிப்பு ஆவி வந்து அவர் மூக்குக்கண்ணாடியில் படிகிறது. துடைப்பதற்கும் அவர் கையை எடுக்கவில்லை. ஏப்ரன் கட்டிய வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அவள் முகம் மலர்கிறது. “அன்றைக்குப் படம் எடுத்தது நான்தான். இந்த முறை கோப்பையில் குடியுங்கள்,” என்று ஆங்கிலத்தில் சொல்லி, காய்ச்சாத சாறு நிரம்பிய காகிதக் கோப்பையை நீட்டுகிறாள். சம்பந்தியின் சிரிப்பு நின்றுவிடுகிறது. குணநாயகம் ஒரு கையால் கோப்பையை வாங்குகிறார். மற்றக் கை இன்னும் கன்னத்திலேயே இருக்கிறது.