மலைப் பஸ் கேசட்

"இது யார் பார்த்த வேலை மேடம்?"

டேப் ரெக்கார்டரைத் தலைமையாசிரியையின் மேசைமேல் ஓங்கி வைத்தாள் லீமா டீச்சர். பிள்ளைகள் சேர்ந்து பாடும் கிறிஸ்துமஸ் பாட்டு அதிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கித்தேரியம்மாள் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தானே பாடுறாங்க?"

"பாட்டே வரக் கூடாது மேடம்! கீச்சுக்கீச்சுன்னு இரைச்சல் வரணும். அந்த இரைச்சல்தான் என் விளையாட்டு. கம்ப்யூட்டருக்கு நான் எழுதின அத்தனை வரியும் இந்த ஒரு கேசட்லதான் இருந்துச்சு. அதுமேல பாட்டைப் பதிஞ்சு அழிச்சிருக்காங்க."

லீமா விசையைத் தட்டி நிறுத்தினாள்.

1985-இல், பள்ளிக்கு நன்கொடையாக வந்த சின்னக் கம்ப்யூட்டரில், ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் எழுதியது 'மலைப் பஸ்'. வத்தலக்குண்டில் கிளம்பி, குரங்கு, மூடுபனி, உருளும் பாறை எல்லாம் தாண்டி, இருட்டுமுன் பஸ்ஸைக் கொடைக்கானல் ஏரிக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பிள்ளைகள் அடித்துக்கொண்டு விளையாடினார்கள். அந்த வருஷக் கடைசியில், அதற்குத் திரையாக இருந்த டி.வி. பழுதாகி, எல்லாம் அலமாரிக்குள் போயிற்று.

மூன்று வருஷம் கழித்து இப்போது பெரிய கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. ஆண்டு விழாவில் மலைப் பஸ் அதில் ஓட வேண்டும். கம்ப்யூட்டரை நன்கொடையாக வாங்கிக்கொடுத்த பெரியம்மாளே பார்க்க வருகிறார். இன்னும் பத்தே நாள்.

"நீ எழுதினதுதானே, திரும்ப எழுதேன்."

"எண்ணூறு வரி மேடம். போன வாரம் போர்டுல போட்ட கணக்கே எனக்கு ஞாபகமில்லை."

"கம்ப்யூட்டர் அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

இருவரும் வாசலைப் பார்த்தார்கள். டீ டம்ளர்களோடு அட்டெண்டர் பவுல்ராஜ் நின்றிருந்தார். டேப் ரெக்கார்டரைப் பார்த்தார். லீமாவை ஒருதரம் பார்த்தார்.

"நான்தாங்க மேடம். ரெண்டு வருஷம் முந்தி கிறிஸ்துமஸுக்குப் பாட்டு பதியறப்ப தெரியாமப் பண்ணிட்டேன்."

"தெரியாமலா?" லீமா அவர் பக்கம் திரும்பினாள். "சிவப்பு நூல் கட்டி வச்சிருந்தேனே. அதுகூடவா கண்ணுல படல?"

அவர் டீ டம்ளர்களை மேசைமேல் வைத்தார்.

"மார்ச்சோட உங்களுக்கு ரிட்டயர்மென்ட். இன்னும் ஒரு வருஷம் வச்சுக்கலாம்னு கமிட்டிக்கு எழுதறதா இருந்தேன்" என்றார் மேடம். "இனி எழுத மாட்டேன்."

"சரிங்க மேடம்." தயங்கினார். "அந்தக் கேசட்டை நான் தூரப் போட்டுறட்டுங்களா?"

"அதைத் தொடாதீங்க!" என்றாள் லீமா.

சாயங்காலம். ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து கரும்பலகையை மறைத்தது. வெறும் திரைமுன் லீமா உட்கார்ந்திருந்தாள். பவுல்ராஜ் விளக்குமாறோடு வந்தார்.

"டீச்சர், டம்டம் பாறை தாண்டி மூணாவது கொண்டை ஊசியில குரங்கு வரும்."

அவள் நிமிர்ந்தாள்.

"அதுக்கு இடப்பக்கம் ஒடிச்சா வண்டி பள்ளத்துல போயிரும். ரெண்டு ஹாரன் அடிக்கணும். ஒரு ஹாரனுக்கு அது நகராது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கூட்டி முடிச்சுப் பூட்டறதுக்கு முந்தி தினமும் ஒரு டிரிப்பு ஓட்டுவேன். அதுவும் தப்புத்தானுங்க."

லீமா பென்சிலை எடுத்தாள். "அப்புறம்?"

"ஊத்துல நிப்பாட்டித் தண்ணி ஊத்தலைன்னா, பெருமாள்மலை ஏத்தத்துல இன்ஜின் பொகையும்."

"நான் அப்படியா எழுதினேன்?"

"எழுதுனீங்க. ரெண்டு மாசமா அது எனக்குப் பிடிபடல. தினமும் பொகைஞ்சு நின்னுச்சு. வீட்டுக்காரி கேட்டா, ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்குன்னு."

லீமா சிரித்துவிட்டாள்.

ஒன்பது சாயங்காலங்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையால் ஸ்டியரிங் பிடித்து ஓட்டுவார். அவள் எழுதுவாள். எந்த வளைவில் பனி, எத்தனை வரை எண்ணினால் பாறை உருளும், எல்லாம் அவர் கையில் இருந்தன. கடைசி நாள் பஸ் ஏரியைத் தொட்டபோது, அவர் நிஜ டிரைவர்போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஆண்டு விழாவில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை லீமா கேசட்டும் டேப் ரெக்கார்டருமாக மேடத்தின் அறைக்குப் போனாள். கம்ப்யூட்டர் அறைச் சாவியை ஒப்படைக்கப் பவுல்ராஜும் அங்கே வந்திருந்தார்.

"மேடம், இவர் இல்லைன்னா நேத்து பஸ் ஓடியிருக்காது. கமிட்டிக்கு எழுதுங்க. நான் இவரை மன்னிச்சுட்டேன்."

"தப்பு தப்புத்தானே லீமா."

"மனுஷன்னா தப்பு வராதா மேடம்? பெரிய மனசு பண்ணுங்க. இந்தப் பாட்டைக் கேளுங்க, பிள்ளைங்க எவ்வளவு அழகாப் பாடியிருக்காங்க. விளையாட்டு போனா என்ன, இது மிஞ்சியிருக்குல்ல?"

பாட்டு ஓடியது. மேடத்தின் முகம் மெல்ல இளகியது. லீமாவுக்குத் தன்னை நினைத்தே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பாட்டு முடிந்தது.

"போதுங்க டீச்சர்" என்று பவுல்ராஜ் அவசரமாக முன்னால் வந்தார். "நிப்பாட்டிருவோம். டேப்பு சிக்கிக்கும்."

அதற்குள் கேசட்டில் ஓர் ஆண்குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அப்பவே சொன்னேனுங்க டீச்சர்... இது சிவப்பு நூல் கட்டுன கேசட்டுங்க. பஸ்ஸு போயிரும்..."

பவுல்ராஜின் விரல் விசையைத் தேடியது. லீமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"இருங்கண்ணே. மேடம் முழுசாக் கேக்கட்டும்."

கேசட்டில் அடுத்து வந்தது லீமாவின் குரல்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா பவுல்ராஜ்? எந்தக் கேசட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? பேசாம மைக்கைப் பிடிங்க!"